குளத்தூரா, கொளத்தூரா? உங்க தொழில் கூகுளில் தெரிய எந்த 'கீவேர்ட்' சரி?

'குளத்தூர் வேன் வாடகை' என்று ஒருவர் கூகுளில் தேடுகிறார். எந்தக் குளத்தூர்? புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரனூரைத் தலைமையிடமாகக் கொண்டது குளத்தூர் வட்டம். தூத்துக்குடி மாவட்டத்திலும் ஒரு குளத்தூர் இருக்கு. சென்னையில் இருப்பது கொளத்தூர். ஆங்கிலத்தில் டைப் செய்தால் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம்!

இதில் அடிபடுவது சின்னத் தொழில் செய்பவர்கள்தான். கீரனூரில் வேன் வைத்திருப்பவர் ஆன்லைனில் கொடுத்த விளம்பரத்தை சென்னைக்காரர் கிளிக் செய்தாலும் காசு போகும், சவாரி வராது. அதனால் கீவேர்டு, அதாவது தேடல் சொல், எத்தனை வகை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

நோக்கம் என்ன?

ஒருவர் எதற்காகத் தேடுகிறார் என்பதை வைத்து, 2002-ல் ஆண்ட்ரே ப்ரோடர் என்ற கணினி விஞ்ஞானி தேடல்களை மூன்றாகப் பிரித்தார்.

* தகவல் தேடல்: 'நார்த்தாமலையில் என்ன பார்க்கலாம்?' இவர் இன்னும் வண்டி பிடிக்க முடிவு செய்யலை. விஜயாலய சோழீச்சரம் பற்றியும், எப்படிப் போவது என்றும் ஒரு பக்கம் எழுதி வைத்தால் உங்க தளத்துக்கு வருவார்.
* தளத்தைத் தேடுவது: உங்க கடைப் பெயரையே தட்டுகிறார். பெயர், போன் நம்பர் சரியாக இருந்தாலே போதும்.
* செயல் தேடல்: 'கீரனூர் வேன் புக்கிங்'. இவர்தான் உடனடி வாடிக்கையாளர்.

'எந்த வேன் நல்லது, வாடகை எவ்வளவு' என்று ஒப்பிட்டுப் பார்க்கும் தேடலை நான்காவது வகையாகப் பின்னாளில் சேர்த்துக்கொண்டார்கள்.

சின்னதா, நீளமா?

'வேன் வாடகை' என்பது குறுஞ்சொல். தேடுபவர்கள் அதிகம், போட்டியும் அதிகம். 'கீரனூரிலிருந்து நார்த்தாமலை முத்துமாரியம்மன் கோயிலுக்கு வேன்' என்பது நீள்சொல். தேடுபவர்கள் குறைவு, ஆனால், தேவை தெளிவா இருக்கு. போட்டியும் குறைவு. ஊர்ப் பெயர் குழப்பமும் தீர்ந்துவிடும்.

வேண்டாத சொல்லும் உண்டு

கூகுள் விளம்பரத்தில் 'நெகட்டிவ் கீவேர்ட்' என்று ஒரு வசதி இருக்கு. அதில் 'சென்னை', 'தூத்துக்குடி' என்று சேர்த்தால், அந்தச் சொற்களோடு தேடுபவர்களுக்கு உங்க விளம்பரம் வராது. கூடவே, விளம்பரம் எந்தப் பகுதியில் தெரிய வேண்டும் என்பதையும் புதுக்கோட்டை, திருச்சி என்று சுருக்கிவிடலாம்.

ஒரே சொல்லைத் திணிக்கலாமா?

கூடாது. ஒரே சொல்லைப் பக்கம் முழுக்க அடுக்குவதை கூகுள் 'ஸ்பேம்' என்றே கருதும். தளத்துக்குள் மறைவாக எழுதும் 'மெட்டா கீவேர்ட்'டை ரேங்கிங்குக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்துவிட்டது. அதற்காக யாராவது தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீங்க.

எங்கே தொடங்குவது?

'கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்' இலவசம். அதில் ஊர், வட்டம், மாவட்டம், பின்கோடு எல்லாம் முழுசா இருக்கட்டும். 'சர்ச் கன்சோல்' என்ற இலவசக் கருவியில், என்ன தேடும்போது உங்க தளம் தெரிகிறது என்று பார்க்கலாம். அதைவிட சுலபமான வழி ஒன்று இருக்கு. வாடிக்கையாளர் போனில் எப்படிக் கேட்கிறாரோ, அந்த வார்த்தைகளை ஒரு வாரம் குறித்து வையுங்க. உங்களுக்குத் தேவையான கீவேர்டு பட்டியல் அதுதான்.