அலமாரியில் உறங்கும் மடிக்கணினி

கல்லூரிகள் திறக்கும் ஆனி மாதம் வந்துவிட்டால் நம் இல்லங்களில் ஒரு புதிய கவலை குடியேறுகிறது. சேர்க்கைக் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு என்று எண்ணிக்கொண்டிருக்கும் தந்தையிடம், "அப்பா, லேப்டாப் வேண்டும்" என்று பிள்ளை வந்து நிற்கிறது. சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் இதே கதைதான். தவணைக் கடனுக்கான விண்ணப்பத் தாள் மேசைமேல் வந்துவிட்டது. அப்போது என் மனைவி, பழைய சேலையில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்திருந்த மூத்தவளின் மடிக்கணினியை இறக்கிக் கொண்டுவந்து, "இதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்" என்றாள்.

விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசால் தொடங்கப்பெற்றது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து, அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவருக்கு வழங்கியது. நம் மாவட்டத்தின் உதவி பெறும் பள்ளிகளில் பல திருச்சபையால் நடத்தப்பெறுபவை. ஆகவே அவற்றுள் ஒன்றேனும் உறங்காத பங்கு நம்மிடையே அரிது எனலாம்.

நகரக் கடை ஒன்றில் காட்டினோம். திறந்தும் பாராமல், "போர்டு போய்விட்டது" என்றனர். மனம் கேளாமல், டிப்ளமோ படித்த அண்டை வீட்டுத் தம்பியை அழைத்தேன். அவர் முதலில் சார்ஜரைப் பிடுங்கி, பாட்டரியைக் கழற்றினார். பின்னரே திருகாணிகளைத் தொட்டார். ராம் எனப்படும் நினைவகத் தகட்டை உருவியபோது, அதன் தங்கநிறப் பற்கள் மங்கிக் கறுத்திருந்தன. நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை வீசும் உப்புக்காற்றும், ஆண்டுக்கு இருமுறை பெய்யும் பருவமழையின் ஈரமும் செய்த வேலை அது. பிள்ளையின் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்துப் பொருத்தியதும் திரை ஒளிர்ந்தது. காசு செலவில்லை!

ஆயினும் இணையத்தில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. பார்த்தால், நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னே கிடந்தது. பலகையில் உள்ள நாணய வடிவச் சிறு பாட்டரி தீர்ந்துவிட்டால் இவ்வாறு நேரும். தேதி பிழையானால் இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றை இயந்திரம் ஏற்பதில்லை. கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும் இப்பொருளை மாற்றாமல் இயந்திரத்தையே ஒதுக்கியோர் எத்தனை பேரோ!

இனிப் பணம் செலவிடும் பகுதி. எதை முதலில் வாங்குவது என்பதில்தான் பலர் தவறுகின்றனர். எங்கள் இயந்திரம் விழித்துத் தயாராகப் பத்து நிமிடம் எடுத்தது. குற்றம் அதன் மூளையில் இல்லை. ஹார்ட் டிஸ்கில் இருந்தது. உள்ளே நிமிடத்திற்கு 5400 முறை சுழலும் தட்டின்மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தேடவேண்டும். அதனிடத்தில், சுழலும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி.யைப் பொருத்தினோம். இரண்டரை அங்குல சாட்டா வகை அதே குழியில் அப்படியே அமர்ந்துகொள்ளும். 240 ஜி.பி. போதும், மாணவனுக்கு அதற்குமேல் ஆசை வீண். இப்போது ஒரு நிமிடத்திற்குள் விழிக்கிறது.

அடுத்தது நினைவகம். அரிசி, பருப்பு, மிளகாய் ஒவ்வொன்றுக்கும் அடுப்படியிலிருந்து எழுந்து அரங்குக்கு ஓடும் இல்லத்தரசியின் நிலைதான், 2 ஜி.பி. நினைவகம் உள்ள கணினியின் நிலை. 4 அல்லது 8 ஆக்கினால் ஓட்டம் குறையும். வாங்கச் செல்லும்போது பழைய தகட்டைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். டி.டி.ஆர்.3 இருக்குமிடத்தில் டி.டி.ஆர்.4 நுழையவே நுழையாது. செலவு பொறுக்காதெனில் இதை அடுத்த மாதத்திற்குத் தள்ளலாம், எஸ்.எஸ்.டி.யைத் தள்ளலாகாது.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இவ்வியந்திரங்களில் இல்லை. களவுப் பிரதி ஏற்றித்தருவதாகச் சொல்வோரை நம்பாதீர்கள். நோய்க்கிருமியை நாமே விலைகொடுத்து வாங்குவதாகும். நாங்கள் லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். இலவசம், நேர்மையானது, தமிழிலும் தட்டச்சு செய்யலாம். கட்டுரை, கணக்கு, இணைய வகுப்பு யாவும் நடக்கின்றன. ஆனால் பொறியியல் பயிலும் பிள்ளைகளின் வரைபட மென்பொருள்கள் சில இதில் இயங்கா. கல்லூரியில் கேட்டறிந்தபின் இறங்குவது நலம்.

திரை உடைந்திருந்தாலோ, பலகையே கருகியிருந்தாலோ அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்குமேல் இடும் காசு கிணற்றில் இட்ட காசே. பாட்டரி உப்பியிருந்தால் குத்தவோ, அழுத்தவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது, தீப்பற்றும். மின்கழிவு வாங்குவோரிடம் ஒப்படையுங்கள். எங்களுடையது உப்பவில்லை, ஆனால் அரைமணி நேரமே தாங்குகிறது. மின்சாரம் போகும் மாலைகளில் மகன் சற்றே முணுமுணுக்கிறான்.

கழற்றிய ஹார்ட் டிஸ்கை ஒரு சிறு பெட்டியில் அடைத்து, யு.எஸ்.பி. கம்பி மூலம் இணைத்தோம். மூத்தவளின் பள்ளிப் படங்கள் அனைத்தும் அதில் இருந்தன. விண்ணப்பத் தாளின் பின்புறத்தில் என் மனைவி பலசரக்குக் கணக்கு எழுதிவிட்டாள்.