பூட்டாத போனும் பூட்டிய விரல்ரேகையும்

2025 நவம்பரில் உத்தனப்பள்ளி அருகே ஓர் ஆலையின் பெண் தொழிலாளர் விடுதியில், குளியலறைக்குள் ரகசியக் கேமரா வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் விடுதிக்கு வெளியே திரண்டு போராடினார்கள். அங்கேயே தங்கி வேலை செய்த பெண் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

கெலவரப்பள்ளி அணையைச் சுற்றியுள்ள காலனிகளில் இருந்தும், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்தில் இருந்தும் நம் பெண்கள் ஏராளமானோர் இந்த வட்டார ஆலைகளுக்குப் போகிறார்கள். பலருக்கு அதுதான் சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு தந்த முதல் வேலை. இப்படி ஒரு செய்தி வந்ததும் வீட்டில் இருந்து வரும் முதல் குரல், "வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம், கிளம்பி வா" என்பதுதான். கேமரா வைத்தவர் செய்த குற்றத்துக்கு, கேமராவில் பதிந்தவளின் சம்பளம் போகிறது. அந்தரங்கம் என்பது படித்தவர்கள், வசதி உள்ளவர்கள் பேசும் பேச்சு என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அந்த உரிமை காலனிக்கும் சேர்த்துத்தான்.

ஒளிந்திருந்து படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவின்படி குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஈ பிரிவும் பொருந்தும். படத்தைப் போட்டுவிடுவேன் என்று யாராவது மிரட்டினால், ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவச இணையதளம் இருக்கிறது. படத்தை அதற்கு அனுப்பத் தேவையில்லை. நம் போனிலேயே படத்துக்கு ஒரு அடையாள எண் உருவாகும். அந்த எண் மட்டும் போகும். பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற நிறுவனங்கள் அதை வைத்து அந்தப் படம் ஏறாமல் தடுக்கும். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 'டேக் இட் டவுன்' என்று தனியாக உண்டு.

கேமரா விவகாரம் செய்தியாகிவிட்டது. செய்தியாகாதது பிரவுசிங் சென்டரில் தினமும் நடக்கிறது. சாதிச் சான்றிதழுக்கும் உதவித்தொகைக்கும் நம் மாணவர்கள் அங்கேதான் போக வேண்டியிருக்கிறது. ஆதார், வங்கிப் பாஸ்புக், மதிப்பெண் பட்டியல் எல்லாம் கடைக்காரர் வாட்ஸ்அப்புக்குப் போகின்றன. பிரின்ட் எடுத்த பிறகும் அவை அங்கேயே கிடக்கின்றன. அடுத்து வருபவர் டெஸ்க்டாப்பைப் பார்த்தால், ஊரில் யார் எந்தச் சாதி, எந்தக் கணக்கில் பணம் வரும் என்ற விவரம் அத்தனையும் வரிசையாக இருக்கிறது. ஒரு கடையில் நாம் இதைக் கண்ணால் பார்த்தோம். கடைக்காரர் கெட்டவர் அல்ல. அழிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, கேட்கவும் யாரும் இல்லை.

அதைவிட மோசமானது, விண்ணப்பத்தில் கடைக்காரரின் செல் எண்ணையே கொடுத்துவிடுவது. அப்பா போனில் ரீசார்ஜ் இல்லை, அதனால் அவசரத்துக்கு அவர் எண். பிறகு ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் வரும். நாளைக்கு எண்ணை மாற்றுவதற்கும் அவரிடமே போய் நிற்க வேண்டும். வீட்டு எண்ணைக் கொடுங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்; நோட்டில் எழுதக் கூடாது என்று சொல்பவர்களுக்கு, கடைக் கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கும் பழக்கம் தெரியாது. நகல் கொடுக்கும் இடங்களில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரே பெரும்பாலும் போதும். ஆதார் இணையதளத்தில் இலவசமாக எடுக்கலாம்.

உதவித்தொகை என்ற சொல்லை வைத்தே நம்மை ஏமாற்றுகிறார்கள். "கல்வி அலுவலகத்தில் இருந்து பேசுகிறோம், உங்கள் மகளுக்குப் பணம் வந்திருக்கிறது, இந்தக் கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்" என்று அழைப்பு வரும். எல்லையோர ஊர் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் பேசினாலும் நமக்குச் சந்தேகம் வருவதில்லை. பிள்ளையின் பெயர், பள்ளி எல்லாம் சரியாகச் சொல்வார்கள். ஆனால் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் செய்யவோ, பின் நம்பர் போடவோ வேண்டியதே இல்லை. அவை பணம் கொடுப்பதற்கு மட்டும்.

ஓசூரில் குடை போட்டு சிம் விற்பவர்களிடம் வாங்கும்போதும் கவனம் வேண்டும். "ரேகை பதியவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்" என்றால், இரண்டாவது சிம் யாருக்கோ போகலாம். நம் பெயரில் எத்தனை இணைப்புகள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். நம்முடையது அல்லாததைத் துண்டிக்கச் சொல்லலாம்.

கடன் செயலிகளைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் கேட்கும் செயலியை அழித்துவிடுங்கள். அவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டுவிட்டது.

எந்தச் செயலியில் பேசுவது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பும் செய்தியை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டு இருக்கிறது. ஆனால் யார், யாரோடு, எப்போது பேசினார் என்பது அந்த நிறுவனத்துக்குத் தெரியும். சிக்னல் செயலி அதையும் மிகக் குறைவாகவே வைத்துக்கொள்கிறது; இலவசம்தான். அமைப்பு வேலை செய்பவர்களுக்கு நாம் சிக்னலைச் சொல்வோம். ஊரோடு பேச வாட்ஸ்அப் இல்லாமல் முடியாது. அதில் 6 இலக்க இரண்டடுக்குப் பின்னைப் போட்டு, 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியை வாரம் ஒருமுறை பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருந்தால் உடனே வெளியேற்றுங்கள்.

எவ்வளவு நல்ல செயலியும் போனுக்குள்ளேயே புகுந்தவரைத் தடுக்காது. அண்ணல் அம்பேத்கரின் பேத்தியை மணந்த அறிஞர் ஆனந்த் தெல்தும்ப்டேவின் போனும் பெகாசஸ் உளவு மென்பொருளுக்குக் குறிவைக்கப்பட்டிருந்தது. 2019-ல் வாட்ஸ்அப் எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர். நம் போனில் புகுவதற்கு அவ்வளவு செலவு செய்ய மாட்டார்கள். பூட்டில்லாத போனை அண்ணனோ மாமனோ ஐந்து நிமிடம் கையில் எடுத்தால் போதும்.

சாதி மறுத்துக் காதலிப்பவர்களுக்கு இது விளையாட்டல்ல. 2018 நவம்பரில், சூடகொண்டப்பள்ளியில் இருந்து வந்து ஓசூரில் குடியிருந்த இளம் தம்பதி கடத்திக் கொல்லப்பட்டு, காவிரியில் வீசப்பட்டதை இந்த மண் மறக்காது. அந்தக் கொலையில் போனுக்குப் பங்கு உண்டு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இருப்பிடம் தெரிவது என்ன செய்யும் என்பது நமக்குத் தெரியும். கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு யாருக்குத் திறந்திருக்கிறது என்று பாருங்கள். அணையில் நுரை பொங்குவதை ரீல்ஸ் எடுத்தால், வீட்டுக்கு வந்தபிறகு போடுங்கள்.

இணையத்தில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-ல் கூறியிருக்கிறது. கோபத்தில் பதில் போடுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி, கணக்கின் பெயர், இணைப்பு மூன்றும் தெரிய வேண்டும். முதல் தகவல் அறிக்கைக்கு முன் விசாரணை தேவை என்று தட்டிக்கழிக்க, அந்தச் சட்டத்தின் 18-ஏ பிரிவு இடம் தரவில்லை. பணம் போயிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள். பணம் கை மாறுவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு.

கடைசியாக, நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு. ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் ஓடிபி இல்லாமலே வங்கிப் பணத்தை எடுக்கலாம். நகலெடுத்த ரேகையால் நாட்டின் பல இடங்களில் திருடியிருக்கிறார்கள். எம்-ஆதார் செயலியில் ரேகையைப் பூட்டலாம். ஆனால் பூட்டினால் ரேஷன் கடையிலும் விரல் வேலை செய்யாது. அரிசி வாங்கும் நாளில் பிள்ளைகள் வரிசையில் கூடவே நின்று, அம்மாவின் முறை வரும்போது செயலியைத் திறந்துவிட வேண்டும். சில நிமிடங்களில் அது தானே மறுபடி பூட்டிக்கொள்ளும்.