பழைய பிக்கப்பில் ஏ.சி: கேஸ் ஏற்றும் முன்...

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப்போகும் பிக்கப்பில் ஏ.சி அனலாக வீசுகிறதா? 'கேஸ் தீர்ந்துபோச்சு' என்றதும் பணத்தை எடுக்காதீர்கள். டீசல் மாதிரி கேஸ் எரிந்து தீர்வதில்லை; குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது.

முதலில் வண்டியின் முன்னால் உள்ள கண்டன்சரைப் பாருங்கள். வைக்கோல் தூசி அடைத்திருந்தால், இன்ஜின் ஆறியபின் மெதுவாகத் தண்ணீர் அடியுங்கள். அதிலேயே சரியாகிவிடும் வண்டிகளும் உண்டு. ஏ.சி போட்டதும் கம்ப்ரஸர் கிளட்ச் 'டக்'கென்று ஒட்டவில்லையா? ஃபியூஸ், ரிலே பாருங்கள். கேஸ் மிகவும் குறைந்தாலும் ஒட்டாது. குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால், கசிவு பெரும்பாலும் அங்கேதான்.

கசிவை அடைத்து, அரை மணி நேரமாவது வேக்குவம் போட்டபின், பானட் ஸ்டிக்கரில் உள்ள கேஸை (பழைய வண்டிகளில் பெரும்பாலும் ஆர்-134ஏ) அதில் சொன்ன கிராம் அளவுக்கு எடைபோட்டு ஏற்றச் சொல்லுங்கள். கூடுதலாக ஏற்றினால் குளிர்ச்சி கூடாது, கம்ப்ரஸர்தான் போகும்.