அமாவாசையில் ஆண்ட்ரோமீடா!

அமாவாசை ராத்திரின்னா பேய் ஞாபகம்தான் வருதா? இனிமே ஆண்ட்ரோமீடா ஞாபகம் வரட்டும்!

நிலா இல்லாத இருட்டு, ஒரு கேமரா, உள்ளங்கை அகல லென்ஸோடு ஒரு குட்டி டெலஸ்கோப்... இவை இருந்தால் 25 லட்சம் ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் கேலக்ஸியை உங்கள் மெமரி கார்டுக்குள் பிடித்துப் போடலாம். அந்த ஒளி அங்கிருந்து கிளம்பியபோது பூமியில் நம்ம மனுஷ இனமே கிடையாது. அவ்வளவு தூரம் வந்த விருந்தாளியை, கடைசி நொடியில் ஒரு தெருவிளக்கு மறைத்துவிட்டால் எப்படி இருக்கும்? மேட்டர் அங்கேதான் இருக்கு. இந்த விளையாட்டில் காசைவிட இருட்டுக்குத்தான் மதிப்பு அதிகம்.

குட்டி டெலஸ்கோப் போதுமா?

தாராளமா போதும்! ஆண்ட்ரோமீடா ஒன்றும் குட்டி இல்லை. ஆறு முழுநிலாவை வரிசையாக நிறுத்தினால் வரும் அகலம். ரொம்ப மங்கல் என்பதால்தான் வெறும் கண்ணுக்குச் சின்னப் பஞ்சுத் துணுக்கு மாதிரி தெரிகிறது. 70 மி.மீ. லென்ஸ், 400 மி.மீ. ஃபோகல் நீளம் உள்ள டெலஸ்கோப்பில் சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவை மாட்டினால் முழுசும் ஒரே ஃப்ரேமில் அடங்கிவிடும். பெரிய டெலஸ்கோப்பில் நடுப்பகுதி மட்டும்தான் கிடைக்கும்.

ஆனால், பூமி சும்மா இருக்காதே! வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. டெலஸ்கோப் வழியாகப் பார்த்தால் ஒரே நொடியில் நட்சத்திரம் சில பிக்சல் ஓடிவிடும். அதனால் வானத்தோடு சேர்ந்து மெதுவாகத் திரும்பும் மோட்டார் ஸ்டாண்ட் அவசியம். ஈக்வடோரியல் மவுன்ட் என்பார்கள். டெலஸ்கோப்பில் கஞ்சத்தனம் காட்டினாலும், இதில் காட்டாதீர்கள்.

மவுன்ட்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைக்க வேண்டும். அது அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது உங்கள் ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் வெறும் 8! ஒரு தென்னை மரம் போதும், மறைத்துவிடும். எனவே வடக்குப் பக்கம் திறந்து கிடக்கும் இடமாகப் பாருங்கள்.

ஒரு க்ளிக் பத்தாது!

இணையத்தில் நீங்கள் வாய்பிளந்து பார்க்கும் படங்களில் முக்கால்வாசி, ஒரே க்ளிக்கில் எடுத்தவை இல்லை. ஒரு நிமிட எக்ஸ்போஷரில் நூறு படம் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. நூறு படம் அடுக்கினால், ஒரே படத்தோடு ஒப்பிடும்போது புள்ளிப்புள்ளியான இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். குறுக்கே கோடு போட்டுவிட்டுப் போகும் சாட்டிலைட்டையும் அடுக்கும்போதே நீக்கிவிடலாம். டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் என இதற்கான மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஜேபெக்கில் எடுக்காதீர்கள். ரா ஃபார்மேட்தான் சரி. லைவ் வியூவில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஊசிமுனைப் புள்ளியாகும் வரை ஃபோகஸ் செய்யுங்கள். கடைசியில் லென்ஸை மூடிவிட்டு, அதே எக்ஸ்போஷரில் இருபது படம். கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க அதுதான் உதவும்.

டெலஸ்கோப்பே இல்லையா? டிரைபாட், 50 மி.மீ. லென்ஸ், 6 நொடி எக்ஸ்போஷர்... இருநூறு படம் எடுத்து அடுக்கிப் பாருங்கள். ஆண்ட்ரோமீடா எட்டிப் பார்க்கும்!

எப்போ... எதை?

ஆண்ட்ரோமீடா: மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி மாத முன்னிரவு.

கார்த்திகை: பாட்டி காட்டிய அதே நட்சத்திரக் கூட்டம்தான். சுமார் 440 ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் நட்சத்திரக் கொத்து. புதுசாக ஆரம்பிப்பவர்களுக்கு இதுதான் பெஸ்ட். தீபத்தன்று மட்டும் வேண்டாம், பௌர்ணமி நிலா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்!

ஒமேகா சென்டாரி: ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே பாருங்கள். சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாகத் திரண்டு கிடக்கும். லண்டன்காரருக்கு இது அடிவானத்துக்கு மேலே வரவே வராது. நமக்கு மட்டும் அடித்த லக்!

அமெச்சூர்னா இளக்காரமா?

2023 ஜனவரியில் ஒரு சேதி வந்தது. மார்செல் டிரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர், யான் செய்ன்டி ஆகிய மூன்று அமெச்சூர்கள் ஆண்ட்ரோமீடாவுக்குப் பக்கத்தில், அதுவரை யாருமே பார்த்திராத பிரமாண்ட ஒளி வளைவு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்கள். பயன்படுத்தியது 106 மி.மீ. டெலஸ்கோப். எக்ஸ்போஷர் மட்டும் 100 மணி நேரத்துக்கும் மேல்! உலகத்தின் பெரிய டெலஸ்கோப்புகள் எல்லாம் கவனிக்காததை, இருட்டும் பொறுமையும் காட்டிக் கொடுத்துவிட்டன.

இருட்டு திருட்டு!

நம்ம ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகம் எதற்காக அங்கே வந்தது? நகர வெளிச்சம் தொடாத வானத்துக்காகத்தான். 1968-ல் 38 செ.மீ. டெலஸ்கோப்போடு ஆரம்பித்து, 1986-ல் 2.3 மீட்டர் டெலஸ்கோப் வரை வளர்ந்த இடம் அது.

ஆனால் அப்படிப்பட்ட இருட்டு வேகமாகக் கரைந்துகொண்டிருக்கிறது. 2011 முதல் 2022 வரை பல நாட்டுப் பொதுமக்கள் பதிவு செய்ததை ஆராய்ந்ததில், வானத்தின் வெளிச்சம் வருடத்துக்குச் சராசரியாக 9.6 சதவிகிதம் ஏறியிருப்பது தெரிந்தது. அதாவது, 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்கு, 18 வயதில் சுமார் 100தான் மிஞ்சும். பதினெட்டு வயசு... உங்க வயசுதானே!

காப்பாற்றவும் வழி உண்டு. லடாக்கின் ஹான்லேயைச் சுற்றி இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பகம் 2022-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர்க்காரர்களே விளக்குகளுக்கு மறைப்பும், ஜன்னல்களுக்குக் கனமான திரையும் போடுகிறார்கள். உங்கள் ஹாஸ்டலில் மேலே பார்த்து எரியும் ஃப்ளட் லைட்டைக் கீழே திருப்பச் சொல்லலாம். ஆள் இல்லாத கிரவுண்டில் விடிய விடிய எரிவதை அணைக்கச் சொல்லலாம். செலவு? பூஜ்யம்!

பிசிக்ஸ் டிபார்ட்மென்ட் பீரோவில் தூசி படிந்த டெலஸ்கோப் ஏதாவது இருக்கா என்று நாளைக்கே விசாரியுங்கள். காலண்டரில் அடுத்த அமாவாசையைச் சுழியுங்கள். தனியாகப் போகாமல் கேங்காகப் போங்கள். வனப்பகுதி என்றால் அனுமதி முக்கியம். டார்ச்சில் சிவப்பு பேப்பர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

அப்புறமென்ன... லைட்டை அணைங்க, ஷட்டரைத் திறங்க!