சொல் வந்த வழி – 9: காதல் பிற்பாடு குடிவந்தது

சென்ற வாரம் பார்த்த ‘கிளாசிக்’, ரோமாபுரியில் பெரிய வரி கட்டும் பணக்கார வகுப்பிலிருந்து வந்த சொல். பின்னாளில் விமரிசகர்கள் அதற்கு எதிர்வரிசையில் உட்காரவைத்த ‘ரொமான்டிக்’கின் பிறப்பு நேர்மாறானது. ரோஜாப்பூவும் மெழுகுவத்தி விருந்தும் அதன் பூர்வீகத்தில் கிடையாது. அங்கே இருப்பது பாமரர் பேச்சு.

813இல் பிரான்சின் தூர் நகரில் கிறிஸ்தவ ஆயர்கள் கூடினார்கள். லத்தீனில் செய்த பிரசங்கம் ஜனங்களுக்கு விளங்கவில்லை. இனி நாட்டுப்புறத்து ‘ரோமானிய’ மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ விளங்கும்படி சொல்லுங்கள் என்று முடிவெடுத்தார்கள். பெயரில் ரோம் இருந்தாலும் அது ஏட்டு லத்தீன் அல்ல. ஜனங்களின் வாயில் தேய்ந்து உருமாறிய லத்தீன். பழைய பிரெஞ்சில் அந்தப் பேச்சுமொழிக்கு ‘ரோமான்ஸ்’ என்று பெயர் நின்றது. (ரோமா என்னும் நாடோடி மக்களின் பெயருக்கும் இதற்கும் உறவில்லை. அதன் வேர் இந்தியாவில் இருக்கிறது.)

மொழியின் பெயர் அதில் எழுதிய கதைகளுக்கும் ஒட்டிக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டில் க்ரெத்தியான் த த்ருவா எழுதிய லான்சலாட் கதை அவற்றில் ஒன்று. கடத்தப்பட்ட ராணி கினிவியரைத் தேடிப் போகும் வீரன் குதிரையை இழந்து நடக்கிறான். எதிரே ஒரு குள்ளன் வண்டியோடு வருகிறான். குற்றவாளிகளை ஏற்றி ஊரார் முன் அவமானப்படுத்தும் வண்டி. ஏறினால் ராணியைப் பற்றித் தகவல் கிடைக்கும், ஆனால் மானம் போகும். இரண்டடி நடக்கும் நேரம் தயங்கிவிட்டு ஏறுகிறான். வாள்முனைப் பாலத்தைக் கையும் காலும் கிழியக் கடந்து, ஒருவழியாக அவள் முன்னால் போய் நின்றால் ராணி முகம் கொடுக்கவில்லை. வண்டியில் ஏறியதற்காக அல்ல, அந்த இரண்டடித் தயக்கத்துக்காக! இந்தச் சொல்லுக்குள் காதல் குடிபுகுந்தது இப்படிப்பட்ட கதைகளின் வழியாகத்தான்.

ஆனால் 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் ‘ரொமான்டிக்’ புழக்கத்துக்கு வந்தபோது அது பாதி வசவு. கட்டுக்கதைத்தனமானது, நம்ப முடியாதது என்று அர்த்தம். 1666இல் சாமுவேல் பெப்பிஸ் வின்ஸர் கோட்டையைப் பற்றித் தன் நாட்குறிப்பில் இந்தச் சொல்லை எழுதினார். அதில் காதல் ஏது? கதையில் வருகிற கோட்டையை நேரில் பார்த்த வியப்புதான் இருந்தது. அடுத்த நூற்றாண்டில் ரூசோ இதை சுவிட்சர்லாந்தின் பியேன் ஏரிக்கரைக்குச் சூட்டினார். வசவு இயற்கை வர்ணனையாகிவிட்டது.

இதற்கு இலக்கியக் கட்சிக்கொடி கட்டியவர்கள் ஜெர்மானியர்கள். 1797இல் ஃப்ரீட்ரிஷ் ஷ்லேகல் தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், இந்தச் சொல்லுக்கான விளக்கத்தை அனுப்ப வழியில்லை, 125 தாள் நீளம் என்று சொல்லியிருந்தார். அடுத்த ஆண்டு வந்த ‘அதெனேயம்’ இதழில் ஒரு சிறு பத்தியில் சொல்லப் பார்த்தார். அது எவருக்கும் முழுசாக விளங்கியதாகத் தெரியவில்லை. 1829இல் கிழவர் கோதே தன் உதவியாளர் எக்கர்மானிடம், கிளாசிக் என்றால் ஆரோக்கியம், ரொமான்டிக் என்றால் நோய் என்று கணக்கை முடித்தார். இங்கிலாந்தில் வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் தங்களை ரொமான்டிக் கவிகள் என்று சொல்லிக்கொண்டதே இல்லை. பின்னால் வந்தவர்கள் ஒட்டிய சீட்டு அது.

எனக்குப் பிடித்த விளக்கம் 1836இல் வந்தது. ஆல்ஃப்ரெட் த முஸே, லா ஃபெர்த்தே என்ற சிற்றூர்க்காரர்கள் இருவர் பத்திரிகைக்கு எழுதும் கடிதமாக ஒரு நையாண்டி எழுதினார். ரொமான்டிசிசம் என்றால் என்ன என்று அந்த இரண்டு அப்பாவிகளும் வருஷக்கணக்காகத் தேடுகிறார்கள். சோகத்தையும் சிரிப்பையும் கலப்பதா, ஜெர்மானியரைக் காப்பியடிப்பதா என்று வருஷத்துக்கொரு விளக்கம் கிடைத்துப் பொய்த்துப்போகிறது. கடைசியில் கண்டுபிடித்துவிடுகிறார்கள்: பெயரடைகளை அள்ளித் தெளிப்பது, அவ்வளவுதான். எழுதிய முஸேயே பேர்போன ரொமான்டிக் கவிஞர் என்பதால் இதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு.

(தொடரும்)