பழுதான சரக்குக்கு யார் பொறுப்பு?

2021 மார்ச் மாதத்தை வியாபாரிகள் மறந்திருக்க மாட்டார்கள். சித்திரைப் புத்தாண்டும் நோன்பும் அடுத்தடுத்து வரவிருந்த நேரம். இறக்குமதி செய்யப்பட்ட தேங்காய் எண்ணெயில் அப்லடொக்சின் என்ற நச்சு கலந்திருப்பதாகச் செய்தி பரவியது. இலங்கைத் தரநிர்ணய நிறுவனத்தின் பரிசோதனை அதை உறுதிப்படுத்தியது. கொள்கலன்களைத் திருப்பி அனுப்பும்படி உத்தரவானது. அந்த எண்ணெய் சந்தைக்குள் வரவில்லை என்று அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்த வேளையில், தங்கொட்டுவையில் தேங்காய் எண்ணெய் ஏற்றிய இரண்டு பௌசர்களைப் பொலிஸார் பிடித்தார்கள். தங்கொட்டுவ புத்தளம் மாவட்டத்தில் இருக்கிறது. மன்னார்த் தீவில் கடை வைத்திருக்கும் எங்களில் பலருக்குச் சரக்கு லொறி வருவதும் அந்தப் பக்கமிருந்துதான்.

தாராபுரத்தில் நான் ஒரு சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறேன். அந்த வாரம் சாப்பிட வந்த ஒருவர், பொரித்த மீன் துண்டைத் தட்டில் ஒதுக்கி வைத்துவிட்டு, "நானா, இது என்ன எண்ணெய்?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அவர் இறக்குமதியாளரைத் தேடிக் கொழும்புக்குப் போகப்போவதில்லை. மொத்த வியாபாரியின் முகத்தை அவர் கண்டதுமில்லை. காசை என் கையில் கொடுக்கிறார்; கேள்வியையும் என்னிடந்தான் கேட்பார்.

சப்ளையர் தந்த சரக்கு பழுதானால் பொறுப்பு யாருடையது? நம்மவர்களிடம் இதைக் கேட்டால், "நான் என்ன செய்ய, மேலேயிருந்து வந்தது அப்படி" என்பதே பெரும்பாலும் பதில். இந்தப் பதிலில் உண்மை உண்டு. ஆனால் அது சட்டத்தின் முன் நிற்காது.

முதலில் உண்மையைப் பார்ப்போம். கொப்பரை சரியாகக் காயாமல் ஈரத்தோடு கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கிறது. அந்தப் பூஞ்சணம் விடும் நச்சுத்தான் அப்லடொக்சின். நெடுநாள் உடம்பில் சேர்ந்தால் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. எண்ணெயின் நிறத்தையோ மணத்தையோ பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. சட்டியின் சூட்டுக்கும் அது அழிவதில்லை. சுத்திகரிப்பு ஆலையில் பெருமளவு அகற்றலாம். என் அடுப்பில் முடியாது. எண்ணெய்க் கேன் கடைக்குள் வந்த பிறகு எவ்வளவு கெட்டிக்காரச் சமையற்காரனாலும் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

அப்படியிருந்தும் கடைக்காரன்தான் பொறுப்பா? இந்தக் கேள்விக்கு நூறு வருடங்களுக்கு முன்பே இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று பதில் சொல்லியிருக்கிறது. ஒரு பாற்பண்ணைக் கம்பனி ஒரு வீட்டுக்குப் பால் கொடுத்து வந்தது. பாலில் நெருப்புக்காய்ச்சல் கிருமி இருந்தது. அந்த வீட்டுப் பெண்மணி இறந்துபோனார். எவ்வளவு கவனமாக இருந்தாலும் அதைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று கம்பனி வாதாடியது. 1905இல் வந்த தீர்ப்பு அந்த வாதத்தை ஏற்கவில்லை. குடிக்கத் தகுந்த பால் என்றுதான் விற்றாய்; தகுதியில்லாவிட்டால் நட்டஈடு உன்னுடையது என்பதே அதன் சாரம். நம் நாட்டின் 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், அதே இங்கிலாந்துச் சட்டத்தைப் பின்பற்றி எழுதப்பட்டது. போதாததற்கு 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம், மனிதர் உண்ணத் தகாத உணவை விற்பதையே குற்றமாக்கியிருக்கிறது. பீ.எச்.ஐ. மாதிரி எடுப்பது நமது கடையில். வழக்கு வந்தால் நீதவான் முன் கூப்பிடுவதும் நமது பெயரைத்தான்.

கொடுமையான சட்டம் என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே கட்டளைச் சட்டம் கடைக்காரனுக்கும் கைகொடுக்கிறது. எனக்கு எண்ணெய் விற்ற மொத்த வியாபாரி எனக்கு விற்பனையாளர். வாடிக்கையாளர் என்னிடம் கேட்கும் அதே கேள்வியை நான் அவரிடம் கேட்கலாம். அவர் இறக்குமதியாளரிடம் கேட்கலாம். நட்டம் படிப்படியாக மேலே ஏறி, பழுது உண்டான இடத்தில் போய் நிற்க வேண்டும். ஆனால் ஏறுவதற்கு ஏணி வேண்டுமே! அந்த ஏணி, பில்.

இங்கேதான் நமது வியாபாரம் நொண்டுகிறது. மஃரிபுக்குப் பிறகு லொறி வரும். லேபல் இல்லாத கேன்கள் இறங்கும். கடையில் விற்கும் போத்தலை விட விலை குறைவு. தொகையை ஒரு சிகரட் பெட்டி அட்டையில் எழுதித் தந்துவிட்டுப் போவார்கள். நாளைக்கு அந்த எண்ணெயில் பிரச்சினை என்றால் அது யாருடைய எண்ணெய் என்பதற்கு எந்தச் சாட்சியும் இல்லை. குறைத்து வாங்கிய அந்தச் சில ரூபாய்க்கு, முழு நட்டத்தையும் நம் தலையில் வாங்கிக்கொள்கிறோம். நான் பில் கேட்டதற்கு ஒரு மொத்த வியாபாரி, "இவ்வளவு காலப் பழக்கத்தில் நம்பிக்கை இல்லையா?" என்று மனம் நொந்தார். நம்பிக்கை இருப்பதால்தான் அவரிடம் வாங்குகிறேன். பில் மூன்றாவது ஆளுக்குக் காட்டுவதற்கு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை. இந்தியாவில் இன்னும் ஒருபடி மேலே போயிருக்கிறார்கள். அவர்களது 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லையே தரத்துக்கான உத்தரவாதமாக எடுத்துக்கொள்கிறது.

பில்லில் தொகை மட்டும் இருந்தால் போதாது. கம்பனியின் பெயர், தொகுதி இலக்கம், திகதி இவை வேண்டும். பில்லில் இல்லாவிட்டால் கேனின் லேபலைப் பார்த்து நாமே பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். ஹலால் முத்திரை இருக்கிறதா என்று நம்மவர்கள் கட்டாயம் பார்ப்பார்கள். நல்லது. அந்த முத்திரைக்குப் பக்கத்திலேதான் தொகுதி இலக்கமும் இருக்கிறது.

சரி, பில் கையில் இருந்தால் எல்லாப் பழியையும் சப்ளையர் மேல் போட்டுவிடலாமா? முடியாது. அமெரிக்காவில் 1993 ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஜெக் இன் த பொக்ஸ் என்ற பெரிய சாப்பாட்டுக் கம்பனியின் 73 கிளைகளில் ஹம்பர்கர் சாப்பிட்ட 700க்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள். நான்கு பிள்ளைகள் மௌத்தானார்கள். ஈ கோலை என்ற கிருமி, அரைத்த மாட்டிறைச்சியோடு வெளியிலிருந்து வந்தது. ஆனால் வொஷிங்டன் மாநில விதி ஹம்பர்கர் இறைச்சியை 68 பாகை செல்சியசுக்குச் சூடாக்கச் சொல்லியிருந்தது. கம்பனியோ பழைய 60 பாகைக் கணக்கிலேயே சமைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கிருமி சரியான சூட்டில் சாகக்கூடியது. இறைச்சி கொடுத்தவர்கள் மேல் கம்பனி வழக்குப் போட்டு, 1998இல் சுமார் 5 கோடியே 85 இலட்சம் டொலர் பெற்றது உண்மைதான். அதற்கு ஐந்து வருடங்கள் பிடித்தன. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு முதலில் பதில் சொன்னது சமைத்துக் கொடுத்தவன்தான்.

சரக்கின் பழுதில் சமையலறை அழிக்கக்கூடியதும் உண்டு, அழிக்க முடியாததும் உண்டு. கோழியிலும் முட்டையிலும் வரும் சல்மொனெல்லா போன்றவற்றை முழுச்சூட்டில் கொல்லலாம். அரைவேக்காட்டில் பரிமாறிவிட்டுக் கோழிப் பண்ணையைக் குற்றம் சொல்ல நமக்கு வாயில்லை. அழிக்க முடியாததை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

நமது கரையில் அப்படி வாசலில் நிறுத்த வேண்டியது மீன். சூரை, கும்பளா, சாளை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் விட்டால் ஹிஸ்டமின் என்ற பொருள் சதையில் சேர்கிறது. பொரித்தாலும் கறி வைத்தாலும் அது போகாது. பிறகு ஐஸில் போட்டாலும் சேர்ந்தது குறையாது. சாப்பிட்டுச் சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலையிடித்து, உடம்பு தடிக்கும். "அந்தக் கடையில் சாப்பிட்டேன், ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். மீன் நாறாமல் இருந்தால் நல்ல மீன் என்று நினைப்பதும் ஆபத்து. நாற்றம் வருமுன்பே ஹிஸ்டமின் சேர்ந்திருக்கலாம்.

மீனுக்கு யார் பில் தருவார்? யாரும் தரமாட்டார்கள். அதனால் நான் ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். கொண்டுவந்தவரின் பெயர், நேரம், நிறை, பெட்டியில் ஐஸ் இருந்ததா என்ற நான்கையும் எழுதி, கொண்டுவந்தவரிடமே ஒரு கையெழுத்து வாங்குகிறேன். ஆரம்பத்தில் சிரித்தார்கள். இப்போது ஐஸ் இல்லாத பெட்டியை என் கடைக்குக் கொண்டுவருவதில்லை. கையெழுத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு.

கலியாண ஓடர் எடுப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கடையில் பழுது நேர்ந்தால் பத்துப் பேர். சஹன் சாப்பாட்டில் முன்னூறு பேர். 1996இல் ஜப்பானின் சகாய் நகரில் பாடசாலைப் பகலுணவு சாப்பிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகள் ஈ கோலையால் நோயுற்றார்கள். முள்ளங்கி முளைக்கீரைதான் காரணமாக இருக்கலாம் என்று சுகாதார அமைச்சு அறிவித்தது. கீரை வளர்த்தவர்களின் வியாபாரம் படுத்துவிட்டது. அவர்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டு, 2004இல் உச்ச நீதிமன்றம் வரை போய் நட்டஈடு வென்றார்கள். சந்தேகத்தை வைத்துச் சப்ளையரின் பெயரைச் சொல்லிவிடுவதும் ஆபத்தானது என்பதால் இதைச் சொல்கிறேன். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஜப்பானில் பெரும் சமையற்கூடங்கள், மூலப்பொருளிலும் சமைத்த உணவிலும் 50 கிராம் வீதம் எடுத்து, கழிவுப் பாகை 20இல் இரண்டு வாரம் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது.

அவ்வளவு குளிர் நமது பெட்டிகளில் கிடைக்காமல் போகலாம். ஆனாலும் ஒவ்வொரு ஓடரிலும் புரியாணி, இறைச்சி, வட்டிலப்பம் ஆகியவற்றில் ஒரு சிறு டப்பா வீதம் எடுத்து, திகதி எழுதி, உறைபெட்டியில் போட்டு வைக்கலாம். பிரச்சினை எழுந்தால் பீ.எச்.ஐ.யின் கையில் கொடுக்க ஏதாவது இருக்கும். எங்கள் கடையில் அந்த டப்பாக்களைப் பதினைந்தாம் நாள் கழுவுவது என் மகனின் வேலை. அவனுக்கு அது பிடிக்கவே பிடிக்காது.