கண்ணுக்குத் தெரியாத தீ

பாறசாலை, நெய்யாற்றின்கரை பக்கத்துக் கிராமங்களில் இன்று கலியாணச் சாப்பாடு இரண்டு வகை. ஒன்று, இலை போட்டு விளம்பும் சாப்பாடு. மற்றொன்று, மாலை வரவேற்பில் வரிசையாக நின்று அவரவரே எடுத்துக்கொள்ளும் சாப்பாடு. இதைப் பஃபே என்கிறார்கள். நீண்ட மேசையில் பளபளக்கும் பெரிய பாத்திரங்கள் இருக்கும். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒரு சிறிய தகர டப்பா. அந்த டப்பாவில் எரியும் தீதான் கறியைச் சூடாக வைத்திருக்கிறது.

டப்பாவில் இருப்பது மண்ணெண்ணெய் அல்ல. மெழுகும் அல்ல. கூழ் போலக் கெட்டியாக்கிய எரிசாராயம். கேரளத்தில் ஸ்பிரிட் என்பார்கள். அமரவிளை எக்சைஸ் சோதனைச் சாவடியில் ஸ்பிரிட் கடத்தல் பிடிபட்ட செய்தியைக் கேட்காதவர் இந்தப் பக்கம் குறைவு. அதே இனத்துப் பொருள்தான் இதுவும்.

கேட்டரிங் வேலைக்குப் போகும் பெண்களும் கல்லூரி மாணவர்களும் இந்த டப்பாவைக் கையாளுகிறார்கள். வீட்டு விருந்துக்கும் சிலர் வாங்குகிறார்கள். மண்ணெண்ணெய் ஸ்டவ் பழகிய கை, இதையும் அப்படியே நினைத்துவிடும். அங்கேதான் ஆபத்து.

மண்ணெண்ணெய்த் தீ மஞ்சளாக எரியும். கரியும் புகையும் வரும். அந்தக் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால்தான் தீ கண்ணுக்குத் தெரிகிறது. சாராயத் தீயில் கரி மிகக் குறைவு. அதனால் வெளிர் நீலமாக எரியும். பகல் வெளிச்சத்திலும், மண்டபத்து விளக்கு வெளிச்சத்திலும் அந்த நீலம் தெரியவே தெரியாது. தீ இருக்கும். ஆனால் இல்லாதது போல இருக்கும்.

இன்னொரு வேற்றுமையும் உண்டு. மண்ணெண்ணெய் சாதாரண வெப்பத்தில் எளிதில் ஆவியாகாது. சாராயம் ஆவியாகும். திறந்த டப்பாவின் மேல் எந்நேரமும் ஆவி நிற்கும். அந்த ஆவி தீயைத் தேடிப் போய்ப் பற்றிக்கொள்ளும்.

விருந்து பாதியில் இருக்கிறது. கறி ஆறுகிறது. பரிமாற நிற்கும் பையன் குனிந்து பார்க்கிறான்.

"அக்கா, தீ அணைஞ்சு போச்சு. கொஞ்சம் ஊத்தட்டா?"

"நில்லு மக்களே! அணைஞ்சுதுன்னு யாரு சொன்னா?"

அந்த அக்கா தடுத்தது ஓர் உயிரைக் காக்கும் தடுப்பு. அணையாத டப்பாவில் ஊற்றினால், தீ ஆவி வழியாக மேலே ஏறிப் பெரிய பாத்திரத்துக்குள் புகும். உள்ளே இருக்கும் ஆவி ஒரே நொடியில் பற்றும். வாய் வழியாகத் தீ பீறிட்டுப் பல அடி தூரம் பாயும். ஊற்றியவர் மட்டுமல்ல, எதிரே தட்டோடு நிற்பவரும் வெந்துபோவார். அதனால் எரியும் டப்பாவிலோ, சூடான டப்பாவிலோ ஒருபோதும் ஊற்றக் கூடாது. தீ இருக்கிறதா என்று கை நீட்டியும் பார்க்க வேண்டாம். இடுக்கியால் மூடியைப் போட்டு மூடிவிட வேண்டும். காற்று கிடைக்காமல் தீ தானே அணையும். அந்த டப்பாவை ஒதுக்கிவிட்டுப் புது டப்பா வைப்பதே நல்லது. நாலு காசு மிச்சம் பிடிக்கும் இடம் இது அல்ல.

ஊதி அணைக்கவும் கூடாது. கூழ் தெறிக்கும். தெறித்த கூழ் தோலில் ஒட்டிக்கொண்டு எரியும். மின்விசிறிக்கு நேராக மேசை போடக் கூடாது. சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ள வேண்டும். கதவு அடைத்த சின்ன அறையில் இதை எரித்தால் நச்சுக்காற்று சேரும்.

தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீர் ஓட விட வேண்டும். பனிக்கட்டி வேண்டாம். பற்பசை, மாவு, மை எதுவும் பூச வேண்டாம். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரத்தைக் கழற்ற வேண்டும். துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும். 101 தீயணைப்புக்கு, 108 ஆம்புலன்ஸுக்கு.

இனி, யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம். இது சாராயம்தானே என்று குடிக்கத் துணிகிறவர்கள் உண்டு. சில டப்பாக்களில் இருப்பது மெத்தனால். அது விஷம். சில மடக்கே கண்ணைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். 2024 ஜூனில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் இறந்தார்கள். குடித்த உடனே ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்தே வாந்தியும், வயிற்று வலியும், கண் மங்கலும் வரும். "தூங்கினால் சரியாகும்" என்று படுக்க வைத்துவிடுவார்கள். அது கூடாது. கண் மங்கும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டப்பாவையும் கூடவே எடுத்துப் போனால் டாக்டருக்கு உதவும்.

டப்பா வாங்கும்போது மேலே உள்ளதை எழுத்துக்கூட்டியாவது படியுங்கள். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தால் படத்தைப் பாருங்கள். தீச்சுடர் படம் எரியும் பொருளைக் காட்டும். மண்டையோட்டுப் படம் விஷத்தைக் காட்டும். கூழ் சில சமயம் நல்ல நிறத்தில் ஜெல்லி மிட்டாய் போல இருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தண்ணீர் பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள்.

காலி டப்பாவைக் குப்பைக் கூளத்தோடு எரிக்காதீர்கள். உள்ளே மிச்சம் ஒட்டியிருக்கும். நன்றாக ஆறிய பிறகு, வீட்டுக்கு வரும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் சொல்லிக் கொடுங்கள்: "இதில் ஸ்பிரிட் இருந்தது."